சீதன வீடும் விடுதி அறையும்

ஒரு பிரதேசத்தைப் பற்றிப் பிறநாட்டார் எழுதிய நூலை அப்பிரதேசத்து மக்கள் படிக்க நேரும்போது இருவகை உணர்ச்சிகள் எழுவது இயல்பு. நமது துயரம் உலகத்தின் காதில் விழுந்ததே என்ற ஆறுதல் ஒன்று. வாசல் வரை வந்த விருந்தாளி வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமலே திரும்பிவிட்டாரே என்ற மனக்குறை மற்றொன்று. கனடிய எழுத்தாளர் நவோமி கிளைன் 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அதிர்ச்சிக் கோட்பாடு’ என்னும் நூலில் அறுகம்பேயைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. கல்முனைக்கு அயலில், நற்பிட்டிமுனையில் இருந்துகொண்டு அதைப் படித்த எனக்கு இவ்விரு உணர்ச்சிகளும் ஒருங்கே உண்டாயின. நூல் வெளிவந்து பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆயினும், அது எச்சரித்தவற்றுள் எது நடந்தது, எது நடக்கவில்லை, அதன் கண்ணுக்குத் தப்பிய எது இன்று நம் முன்னே நடந்துகொண்டிருக்கிறது என்று மதிப்பிடுவதற்கு இதுவே தக்க காலம்.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்திலேதான். இங்கு மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களிற் கடலோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. மக்கள் கூடாரங்களில் இருந்த அக்காலத்திலேயே, வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் விதித்தது. மீனவன் தன் குடிசை நின்ற மணலில் மறுபடி கூரை போட முடியாது. ஹோட்டலுக்கு விலக்கு உண்டு. கல்முனையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில், பொத்துவிலை அடுத்து அமைந்த அறுகம்பேக்கென ஒரு பெருந்திட்டமும் வரையப்பட்டது. ஐந்து நட்சத்திர விடுதிகள், ஓர் இரவுக்கு 300 டொலர் பெறும் உல்லாசக் குடில்கள், நீரில் இறங்கும் விமானங்களுக்கு ஒரு துறை, ஹெலிகொப்டர் இறங்குதளம் என விரிந்தது அத்திட்டம். கிளைன் 2005 ஆம் ஆண்டு நேரில் வந்து இவற்றையெல்லாம் ஆராய்ந்தார். பேரிடரால் மக்கள் திகைத்து நிற்கும் வேளையைப் பார்த்து மூலதனம் நிலத்தைக் கைப்பற்றுகிறது என்பது அவர் கண்ட முடிபு.

அம்முடிபு பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. அறுகம்பேக்குத் தெற்கே பாணமையில் 2010 ஆம் ஆண்டு ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களில் வாழ்ந்த விவசாயக் குடும்பங்கள் விரட்டப்பட்டதையும், அந்நிலங்கள் படையினர் வசமானதையும் அறிந்தவர் எவரும் கிளைனின் எச்சரிக்கையை எள்ளி நகையாட மாட்டார். ஆனால் அறுகம்பேயில் நடந்தது வேறு. அந்த ஹெலிகொப்டர் இறங்குதளத்தை இன்றுவரை எவரும் காணவில்லை. ஐந்து நட்சத்திரக் கோபுரமும் எழவில்லை. உல்லை வீதியின் இருமருங்கும் எழுந்தவை சிறு சிறு விடுதிகளே. மேல்மாடி ஏற்றிய வீடுகள், வளவின் மூலையிற் கட்டிய பலகைக் குடில்கள், முன்னறையைப் பிரித்து ஒரு குளியலறை சேர்த்து வாடகைக்கு விட்ட குடும்பங்கள் ஆகியவற்றையே அங்கு காண்கிறோம். கிளைன் வெளியிலிருந்து வரும் பகைவனை எதிர்பார்த்துக் கடற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றமோ நம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு, ஓர் அறை ஓர் அறையாக உள்ளே வந்தது.

இதன் இயக்கத்தைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். அறுகம்பேயின் அலைகள் சித்திரை முதல் ஐப்பசி வரையில் சறுக்கு விளையாட்டுக்கு ஏற்றவை. 1970களிலிருந்தே வெளிநாட்டு இளைஞர்கள் பாய் விரித்த குடிசைகளிற் படுத்தெழும்பி அலை ஏறி வந்தார்கள். அக்காலத்து வீட்டுக்காரருக்கும் விருந்தினருக்கும் நடுவே வேறு எவரும் இல்லை. 2008 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிற் தோன்றிய ‘ஏர்பிஎன்பி’யும், அதற்கு முந்திய ‘புக்கிங்’ நிறுவனமும் இந்த உறவின் நடுவே வந்து அமர்ந்தன. இவற்றுக்கு இங்கே ஒரு செங்கல் சொந்தமில்லை. படத்தைக் காட்டுவதும், நட்சத்திரம் இடுவதும், எந்த வீடு மேலே தெரிய வேண்டும் எது கீழே மறைய வேண்டும் என்று வரிசைப்படுத்துவதுமே இவற்றின் தொழில். அதற்குத் தரகு உண்டு. ‘புக்கிங்’ பெறுவது பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்தையொட்டியது. பண்டைக் கமக்காரன் அந்தரே தரகனை முகத்துக்கு முகம் பார்த்தாவது சண்டையிடலாம். இத்தரகனுக்கு முகமே கிடையாது.

தரகைக் காட்டிலும் பெரிய விளைவு ஒன்றுண்டு. ஒரு வீட்டை ஓர் ஆசிரியருக்கோ வங்கி எழுதுவினைஞருக்கோ மாத வாடகைக்கு விட்டால் வருவதை, பருவகாலத்தில் ஒரு சில இரவுகளிலே ஈட்டலாம் என்ற நிலை வந்தவுடன், வீட்டின் விலையை நிர்ணயிப்பது அதில் வாழும் குடும்பத்தின் வருமானம் அல்ல. சுற்றுலாப் பயணியின் பை. அப்பை டொலரிலும் யூரோவிலும் நிறைந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் ரூபாய் சரிந்தபோது நம் சம்பளங்கள் பாதியாய்ச் சுருங்கின; அந்தப் பையின் வாங்கும் வலிமை பெருகிற்று. 2024 ஆம் ஆண்டில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் இந்நாட்டுக்கு வந்தனர். ஒரு மீனவனின் மகன் அதே வீதியில் ஒரு துண்டுக் காணி வாங்க முனைந்தால், அவன் போட்டியிட வேண்டியது அயலானோடு மட்டும் அன்று.

குறுங்கால வாடகை நமக்கு முற்றிலும் புதியதுமன்று. பேரலைக்குப் பின் 2005 முதல் சில ஆண்டுகள் உதவி நிறுவனங்கள் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வீடுகளை வாடகைக்கு எடுத்தன. ஜீப் நிறுத்தத்தக்க முற்றம் இருந்தாற் போதும், கேட்ட வாடகை கிடைத்தது. அகதிகளுக்கு உதவ வந்தவர்களே அகதிகளுக்கு வாடகை வீடு கிடையாமற் செய்தார்கள் என்று அப்போது கைப்பாகச் சொல்வார்கள். அந்தப் பாடத்தை நாம் எழுதி வைக்கவில்லை. நிறுவனங்கள் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனதும் அதுவும் மறந்துபோயிற்று.

இனிக் கிளைன் நுழையாத வீட்டுக்குள் நுழைவோம்.

இக்கரையோரத்தில் வீடு என்பது ஆணின் உடைமையன்று. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெண்ணுக்குரியது. திருமணத்தின்போது மகளுக்கு வீடு எழுதப்படுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். மூத்தவள் பெற்றோரின் வீட்டைப் பெறுகிறாள். பெற்றோர் அடுத்த மகளுக்கென அதே வளவில் இன்னொரு வீட்டை எழுப்பி அதற்குப் பெயர்கிறார்கள். கடைசி மகளும் கரையேறிய பின் அவர்களுக்கு மிஞ்சுவது பின்வளவில் ஒரு சிறு கொட்டிலோ, உறுதியில் எழுதி வைத்த சீவிய உரித்தோதான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிற் பல்லாண்டு ஆராய்ந்து 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வமைப்பை விரிவாகப் பதிவு செய்துள்ளார். தாய்வழிக் குடிமுறையும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அக்குடிகளுக்கிருந்த இடமும் இவ்வீட்டு முறையோடு பின்னிப்பிணைந்தவை.

ஆகவே நமது அயல் என்பது தற்செயலாகப் பக்கத்திற் குடியேறிய மனிதர்களின் கூட்டமன்று. ராத்தா வீடு, சாச்சி வீடு, உம்மம்மா வீடு என்று பெண்களின் உறவே வேலியாகவும் ஒழுங்கையாகவும் அமைந்தது நம் அயல். வெளிநாட்டுக்கு உழைக்கப் போனவளின் பிள்ளை பசித்திருக்காமற் பார்ப்பது இந்த அயல். கணவன் கைநீட்டினால் நான்கு வீட்டுக் கதவுகள் ஒரே நேரத்தில் திறப்பதும் இந்த அயலாலேதான். நியூயோர்க்கிலும் பார்சிலோனாவிலும் குறுங்கால வாடகை வெளியேற்றுவது வாடகைக் குடியிருப்பாளனை. இங்கே அது பெயர்த்தெடுப்பது சகோதரியை.

சீதனத்தைப் போற்றுவதற்காக இதை எழுதுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். ஒரு தங்கையின் வீட்டுக்காக அண்ணன்மார் பாலைவனத்தில் இளமையை எரிப்பதும், வீடில்லாக் குற்றத்துக்காகக் குமர்கள் முதிர்வதும், காணி துண்டு துண்டாகிக் காற்றுப் புக இடமின்றி வீடுகள் நெருங்கிப்போனதும் இம்முறையின் கொடைகளே. முற்போக்காளர் இதைச் சாடியது நியாயம். ஆனால் சாடியவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். நகையும் ரொக்கமும் மணமகன் வீட்டாரிடம் போகின்றன. வீடு மட்டும் பெண்ணின் கையில் நிற்கிறது. தலாக் சொல்லப்பட்டவள் தெருவில் நிற்பதில்லை. வெளியேற வேண்டியவன் கணவன். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் அவளுக்குத் தராத பாதுகாப்பை அந்த உறுதிக் காகிதம் தந்துவந்தது. சுரண்டலும் அரணும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன என்பது இவ்வீட்டின் முரண். ஒன்றை இடிக்கப் போய் மற்றதையும் இழந்துவிடக் கூடாதே என்பதே என் கவலை.

முதலில் அதைத் தளர்த்தியது சந்தையன்று; நிவாரணம். பேரலைக்குப் பின் வீடு வழங்க வந்த அரசும் நிறுவனங்களும் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டன. பல இடங்களிற் கணவனின் பெயர் எழுதப்பட்டது. தாய் தந்த வீடு கடலிற் போக, அரசு தந்த வீடு ஆணின் பெயரில் எழுந்தது. மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் 2010 ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரையில், சீதனக் கனவு பேரலைக்குப் பிந்திய வீடமைப்பில் எவ்வாறு தொழிற்பட்டது என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். அதைப் பற்றி நம்மிடையே ஒரு விவாதமும் நடந்ததாகத் தெரியவில்லை. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியிற் கட்டிய 500 வீடுகளோ வழக்கிலும் இனவிகிதாசாரத்திலும் சிக்கிப் பல ஆண்டுகள் பற்றை மண்டிக் கிடந்தன. வீடிழந்தவர்களுக்குப் பூட்டிய கதவு. விடுமுறைக்கு வந்தவர்களுக்குத் திறந்த கதவு. ஒரே மாவட்டத்தில், ஒரே காலத்தில் இவை இரண்டும் நிகழ்ந்தன.

இந்நிலையில் ஒரு குத்தகைக்காரன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கடலுக்கு அண்மையில் இரண்டு மகள்மாரைக் கொண்ட குடும்பம். பத்து அல்லது பதினைந்து ஆண்டுக்கு முன்பணம் ஒரே தடவையில். வாப்பாவின் கடன் தீரும். மூத்தவளின் திருமணம் நடக்கும். அவளுக்கு உள்ளூர்ப் பக்கம் ஒரு துண்டுக் காணியும் வாங்கலாம். கணக்கு நேராகவே தோன்றுகிறது. வீடு கணவனின் பெயரிலிருந்தால் மனைவியின் கையொப்பம் தேவையில்லை. அவளின் பெயரிலிருந்தால் நொத்தாரிசின் மேசைக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். இளையவளுக்குப் பத்து வயது. அவள் மணப்பருவம் எய்தும்போது அவளுக்குரிய வீட்டிற் குத்தகை இன்னும் முடிந்திராது. முடிந்தாலும் அந்த வீடு அறைகளாகக் கூறுபட்டிருக்கும். அதைத் திருப்பி வீடாக்கும் செலவும் அவள் தலையில் விழும். இங்கே எவரும் எவரையும் விரட்டவில்லை. சட்டம் எதுவும் மீறப்படவுமில்லை. கிளைன் விவரித்த அதிர்ச்சியும் இல்லை. ஆயினும் ஒரு தலைமுறைப் பெண்களின் கையிலிருந்து கரையோரம் நழுவிப்போய்விடுகிறது.

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டார் காணியை வாங்குவதைத் தடுக்கிறது. 99 ஆண்டு வரையிற் குத்தகைக்கு எடுப்பதைத் தடுக்கவில்லை. பெயருக்கு உள்ளூரார், பணத்துக்கு வெளியார் என்ற கூட்டுக்களும் உண்டென்பது இரகசியமன்று.

இதன் முற்றிய நிலையைக் காண விரும்புவோர் காலிக் கோட்டைக்குப் போய்வரலாம். அது 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட நகரம். வெளிச்சவீட்டின் அடியிற் பள்ளிவாசலும் பழைய அரபுக் கல்லூரியும் இன்றும் நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த குடும்பங்களிற் பல, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டார் அங்கு வீடுகளை வாங்கத் தொடங்கினர். விலை ஏறிற்று, குடும்பங்கள் மதிலுக்கு வெளியே பெயர்ந்தன, வீடுகள் உல்லாச மாளிகைகளாகவும் கடைகளாகவும் மாறின. சுவர்கள் முன்னிலும் அழகாகப் பேணப்படுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மரபுரிமை என்று உலகம் மெச்சிய சுவரை எழுப்பி வாழ்ந்தவர்களைப் பேண ஒரு பட்டியலும் இல்லை.

பிற நாடுகள் என்ன செய்தன? நியூயோர்க் நகரம் 2023 செப்டெம்பர் முதல், 30 நாட்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவோர் பதிவு செய்ய வேண்டும், விருந்தினரோடு தாமும் அவ்வீட்டில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. பார்சிலோனா நகராட்சியோ சுற்றுலாப் பயணிகளுக்கென உள்ள பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அடுக்குமாடி வீட்டு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று 2024 இல் அறிவித்தது. பார்சிலோனாவின் வழி நமக்குப் பொருந்தாது. பொத்துவிலில் எத்தனையோ கைம்பெண்களுக்குச் சோறு போடுவது ஓர் அறையும் ஒரு குசினியும். நியூயோர்க் காட்டும் வேறுபாடே நமக்கு முக்கியம். தன் வீட்டில் தானிருந்து கதவைத் திறப்பவளும், பத்து வீடுகளைக் குத்தகைக்குச் சேர்த்துத் திறப்புக் கோர்வையை இடுப்பிற் செருகியவனும் ஒரே வர்க்கத்தினர் அல்லர். இங்கே இருவருக்கும் ஒரே பெயர்தான்: ‘விடுதிக்காரர்’. நம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை 2005 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் தங்குமிடங்களைப் பதிவு செய்கிறது. உரித்துக்கு ஆவணம் கேட்கலாம். அந்த உரித்து எந்த மகளுக்காக வைக்கப்பட்டிருந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நம்மவர் பேசுவதோ வேறு. வெளிநாட்டுப் பெண்ணின் ஆடையைப் பற்றிப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். குத்தகை உறுதியைப் பற்றி ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. 2024 ஒக்டோபர் 23 ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேயைத் தவிர்க்குமாறு எச்சரித்தது. இஸ்ரேல் தன் குடிமக்களை வெளியேறச் சொல்லிற்று. வீதியெங்கும் காவல் நின்றது. அன்றும் அதன் பின்னும் நடந்த வாதம் எந்நாட்டார் வரலாம், எந்நாட்டார் வரலாகாது என்பதைச் சுற்றியே சுழன்றது. காஸாவில் நடக்கும் கொலையைக் கண்டு கொதிப்பது மனித இயல்பு, அக்கொதிப்பு எனக்குமுண்டு. ஆனால் ஒரு தூதரகத்தின் ஒரு குறிப்பால் ஓர் ஊரின் ஒரு பருவ வருமானம் ஆட்டங்காணும் என்றால், அந்த ஊர் எதன்மீது நிற்கிறது என்ற கேள்வியையும் எவராவது எழுப்பியிருக்க வேண்டும்.

எழுப்பியிருக்க வேண்டியவர்கள் எழுத்தாளர்கள். கிழக்கின் இலக்கியம் வறியதன்று. மருதூர்க்கொத்தன் நமது கரையோரத்து உழைப்பாளரைக் கதைக்குள் கொண்டுவந்தார். எம்.ஏ. நுஃமான் கல்முனைக்குடியிலிருந்து எழுந்து கவிதையிலும் விமர்சனத்திலும் ஒரு நிதானத்தைக் கற்பித்தார். விமல் குழந்தைவேல் ‘கசகறணம்’ நாவலில் அக்கரைப்பற்றுச் சந்தையை மையமாக வைத்து, இரு சமூகங்கள் சேர்ந்து வாழ்ந்ததையும் பிளந்ததையும் காட்டினார். சாய்ந்தமருதின் அனார் பெண்ணின் அகத்துக்குக் கவிதையில் ஒரு மொழி கண்டார். வயல் இருக்கிறது, கடல் இருக்கிறது, யுத்தம் இருக்கிறது. நான் படித்தவற்றுள் வாடகை அறை இல்லை. நிலப் பறிப்பு என்றாற் சீருடையும் துப்பாக்கியும் நம் கற்பனைக்கு உடனே வந்துவிடுகின்றன. ஒப்பந்தத்தில் ஒட்டிய முத்திரையும், விருந்தினர் இட்ட ஐந்து நட்சத்திரமும் இன்னும் பாத்திரங்களாகவில்லை. கிளைனைக் குறை கூறுமுன் நாம் நம்மையும் குறை கூறிக்கொள்ள வேண்டும். அவர் சில நாட்கள் தங்கியவர். நாம் இங்கேயே பிறந்தவர்கள்.

சந்தையை வைத்து ஒரு நாவல் எழுதலாம் என்றால் ஒரு வளவை வைத்தும் எழுதலாம். முன்வீட்டிற் பயணிகள், பின்கொட்டிலில் உம்மா, நடுவிலே கிணற்றடி. கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்கின்றன. அவற்றைத் துவைத்துப் போடுகிற பெண் அந்த வீட்டின் உறுதியைப் பெட்டியில் வைத்திருப்பவளா, அல்லது தன் சொந்த வீட்டிலே நாட்கூலிக்கு வந்தவளா என்ற இடத்திலிருந்து அந்தக் கதையைத் தொடங்கலாம்.